பாத்ரூமில் வைத்த மீன் தொட்டி



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். அப்பவே பேச்சுப் போட்டின்னா கடைசி பெஞ்சுக்குப் போய் ஒளிஞ்சுக்குவேன். அதனால எழுதி வச்சுப் படிக்கிறேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கணும். தலைவி அக்கா, "நீ உன் மீன் தொட்டியைப் பத்திப் பேசு" என்றார்கள். எல்லாரும் கறவை மாடு வாங்கினது, தையல் மிஷின் வாங்கினது, வட்டிக் கடனில் இருந்து மீண்டதுன்னு பேசுவாங்க. நான் போய் பாத்ரூமில் மீன் வளர்த்ததைப் பேசினா சிரிப்பாங்களேன்னு சொன்னேன். "சிரிச்சா சிரிக்கட்டும். அந்தக் கரண்ட் விஷயத்தை மட்டும் விடாம சொல்லு" என்றார்கள். அதனால்தான் வந்து நிற்கிறேன்.

எங்க ஊர் கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயில் ஊர்னு சொன்னா பாண்டி ரோட்டில் போறவங்க எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போகிறார். மழை பிடிச்சுட்டா பாத்தி எல்லாம் தண்ணியில முழுகிடும், தை மாசம் வரைக்கும் அந்த வேலை கிடையாது. 2023-ல் அப்படி வேலை இல்லாத நேரத்தில்தான் என் பையனுக்கு டெங்கு வந்தது. அப்போ நாலாவது படிச்சான். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வச்சிருந்தோம். வீட்டுக்கு வந்தும் எழுந்து நடக்கத் தெம்பு இல்லாம, விளையாடப் போகாம, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். பிள்ளை அப்படிக் கிடந்தா வீட்டில் யாருக்கு சோறு இறங்கும்? இவர் பாண்டிக்குப் போய், பாலித்தீன் கவர்ல நாலு கப்பி மீன் வாங்கிட்டு வந்தார். நூல் மாதிரி உடம்பு, விசிறி மாதிரி வால். அன்னைக்குத்தான் பையன் எழுந்து உட்கார்ந்தான்.

நாலு மீனையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் குழாய்த் தண்ணி பிடிச்சு விட்டோம். மறுநாள் காலையில் நாலும் மேலே மிதந்தது. அன்னைக்குத்தான் ஊர் டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாங்களாம். நமக்கு நல்லது செய்யிற குளோரின் மீனோட செவுளை எரிச்சுடும்னு எங்களுக்கு அப்போ தெரியாது. குழாய்த் தண்ணியை அகலமான வாளியில் ஒரு நாள், ரெண்டு நாள் திறந்து வச்சா அந்த வாசனை போயிடும், அப்புறம்தான் மீனுக்கு ஊத்தணும். அவசரம்னா மீன் கடையில் குளோரினை முறிக்கிற சொட்டு மருந்து கிடைக்கும். இது தெரியாமப் போனதுக்குப் பையன் ரெண்டு நாள் அழுதான்.

பொங்கல் முடிஞ்சதும் குழுவில் மூவாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டேன். என்னத்துக்குன்னு கேட்டாங்க, மீன் தொட்டிக்குன்னு சொன்னேன். கூட்டமே சிரிச்சது. "மீனுக்குக் கடன் வாங்கினா வட்டியை யாரு கட்டுவா, மீனா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க இங்கேயும் உட்கார்ந்து சிரிச்சுட்டுதான் இருக்காங்க. கடைசியில் தீர்மான நோட்டில் 'வீட்டு உபயோகப் பொருள்' என்று எழுதிக் கொடுத்தாங்க.

ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், அந்த அளவுக் கண்ணாடித் தொட்டி. எங்கே வைக்கிறது என்பதுதான் பெரிய பஞ்சாயத்து. எங்க கூடம் பத்துக்குப் பத்து. அதில் டிவி, பீரோ, ராத்திரி அஞ்சு பேர் படுக்கை. சமையல் கட்டில் அடுப்புச் சூடு, தாளிக்கிற புகை. திண்ணையில் வைச்சா மதிய வெயில் நேரா அடிக்கும், தண்ணி கொதிச்சுப் பாசி பிடிக்கும், பூனையும் காக்காயும் சும்மா விடாது. மிச்சம் இருந்தது பாத்ரூம்தான்.

பாத்ரூம்னா கக்கூஸ் சேர்ந்தது இல்லை. அது தோட்டத்துப் பக்கம் தனியா இருக்கு. வீடு கட்டும்போது இதை எட்டுக்கு ஆறு என்று பெருசாவே எடுத்தோம், ஒரு மூலையில் கைகழுவும் பேசின் வைக்கணும்னு கொத்தனார் கடப்பாக்கல் மேடையும் போட்டார். அப்புறம் காசு தீர்ந்துட்டது, பேசின் வரலை. மேடை சும்மா கிடந்தது. குழாய் பக்கத்திலேயே இருக்கு, சிந்தினா தண்ணி ஓட வழி இருக்கு, வெயில் படாது, அக்னி நட்சத்திரத்திலும் வீட்டிலேயே குளுகுளுன்னு இருக்கிற இடம் அதுதான். பார்த்தா மீனுக்கு என்றே கட்டின மாதிரி இருந்தது. என் மாமியார் மட்டும் ஒத்துக்கலை. "குளிக்கிற எடத்துல கண்ணு முழிச்சிக்கிட்டு பாக்குமேடி, எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்கள். அதற்காக ஒரு பழைய புடவையில் திரை தைச்சுப் போட்டேன். இப்பவும் அந்தத் திரை இருக்கு.

எடை விஷயம் ஒன்று சொல்லணும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இந்தத் தொட்டியில் ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தா ஒரு ஆள் ஏறி நிக்கிற கனம். ஆணி அடிச்ச பலகை எல்லாம் ஈர ரூமில் ஆறு மாசத்தில் துருப்பிடிச்சு சாயும். நம்ம கடக்காத்துல இன்னும் சீக்கிரம். சுவரோடு சேர்த்துக் கட்டின மேடைதான் சரி. கல் மேலே ஒரு தெர்மாகோல் அட்டை போட்டுத்தான் தொட்டியை வைக்கணும். இல்லேன்னா கல்லில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுடும்.

இப்போ கரண்ட் விஷயத்துக்கு வர்றேன்.

மீனுக்குத் தண்ணிக்குள் காற்று விட ஒரு சின்ன மோட்டார் உண்டு. அதுக்கு பிளக் பாயிண்ட் பாத்ரூமில் இல்லை. நாங்க என்ன செஞ்சோம், கூடத்தில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஆணியில் மாட்டினோம். எத்தனை வீட்டில் இப்படி மாட்டியிருக்கோம்னு நீங்களே மனசுக்குள்ள எண்ணிக்குங்க. மூணு வாரம் நல்லா ஓடிச்சு. மாசி மாசம் ஒரு நாள் துணி துவைச்சுட்டு இருந்தேன். கரண்ட் போய் வந்தது, மோட்டார் ஓடலை. தரை எல்லாம் சோப்புத் தண்ணி, வெறுங்கால், ஈரக்கை. எழுந்து அந்த பாக்ஸைத் தட்டினேன்.

அதுக்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கை பாக்ஸோடு ஒட்டிக்கிச்சு. கத்த வாய் வரலை. விழுந்த வேகத்தில் ஒயர் இழுபட்டு பிளக் கழன்றதால் இங்கே நின்று பேசிட்டு இருக்கேன். என் பையன் கதவுக்கு வெளியே நின்று எல்லாத்தையும் பார்த்துட்டான். எனக்குக் கையில் ரெண்டு விரல் வெந்து கொப்புளம், அது பத்து நாளில் ஆறிடுச்சு. அவனுக்குத்தான் ஆறலை. ஒரு மாசத்துக்கு மேல் பாத்ரூமுக்குள் கால் வைக்க மாட்டேன்னுட்டான். வெளியே தோட்டத்தில் நின்றுதான் குளிப்பான். நான் உள்ளே போனா கதவுகிட்ட நின்று "அம்மா, சுவிட்ச் ஆஃப் பண்ணியா, அம்மா, பதில் சொல்லு" என்று கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். நான் குளிச்சு முடிக்கும் வரைக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

என் வீட்டுக்காரர் தொட்டியைத் தூக்கி ரோட்டில் போடறேன்னு நின்றார். யார் தடுத்தாங்க தெரியுமா? வெக்கமா இருக்குன்னு சொன்ன என் மாமியார். "தப்பு ஒயருது. மீனு என்னடா பண்ணிச்சு?" என்றார்கள்.

குழுவில் ஒரு அக்காவோட தம்பி எலக்ட்ரீஷியன். அவரை வரச் சொன்னோம். அவர் வந்து பார்த்துட்டுத் தலையில் அடிச்சுக்கிட்டார். எங்க வீட்டில் எர்த்தே இல்லை. மூணு முனை பிளக்கில் எர்த் கம்பியை வெட்டி விட்டிருந்தாங்க. உப்புக் காத்தில் பாக்ஸ் உள்ளே இருந்த பித்தளை எல்லாம் பச்சை பூத்து, ஒயர் தோல் வெடிச்சிருந்தது. "பீஸ் கேரியர் இருக்கே, அது காப்பாத்தாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. "அக்கா, பீஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாத்துறதுக்கு. மனுஷனைக் காப்பாத்துறதுக்கு இல்லை. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. விழறதுக்கு முன்னாடி மனுஷன் விழுந்துடுவான்." ஆளைக் காப்பாத்த ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருக்காம், சிலர் இ.எல்.சி.பி. என்பாங்க. வீட்டுக்கு முப்பது மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதைப் பார்த்து வாங்கணும். போன கரண்ட் முழுசாத் திரும்பி வராம அந்தக் கொஞ்சம், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் மூணு பங்கு, வேற வழியா, நம்ம உடம்பு வழியா, பூமிக்கு ஓடினாலும் கண் சிமிட்டுற நேரத்தில் விழுந்துடும். அதில் டி என்று ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும். விழலைன்னா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டில் குழுக் கூட்டத்துக்குப் புறப்படுற நாளில் அமுக்குவோம், அப்போதான் மறக்காது. அமுக்கிறது என் பையனோட வேலை.

எர்த் குழி எடுத்து, அந்தப் பெட்டியும் மாட்டினப்புறம் அவர் இன்னொரு வேலை செஞ்சார். மோட்டாரைப் பாத்ரூமில் இருந்தே வெளியேத்திட்டார். பாத்ரூமுக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை. மோட்டார் கூடத்தில், அலமாரிக்கு மேலே. ரப்பர் டியூப் மட்டும் ஓட்டை வழியா உள்ளே வரும். அதில் வருவது வெறும் காத்து. காத்து யாரையும் ஷாக் அடிக்காது. இவ்வளவு சின்ன விஷயம் எங்களுக்குத் தோணலையே என்று அன்னைக்கு இவர் ரொம்ப நேரம் பேசாம உட்கார்ந்திருந்தார்.

மோட்டார் எப்பவும் தொட்டித் தண்ணி மட்டத்துக்கு மேலே இருக்கணும். கரண்ட் போச்சுன்னா, பேரலில் இருந்து டியூப் போட்டு டீசல் இழுப்போம் பாருங்க, அதே மாதிரி தண்ணி டியூப் வழியா மோட்டாருக்குள் இறங்கிடும். டியூப் நடுவில் ஒரு சின்ன வால்வு போடலாம், தண்ணியைத் திரும்ப விடாது, இருபது ரூபாய்தான். தொட்டிக்குள் வைக்கிற லைட், தண்ணி சூடு பண்ற ஹீட்டர் இதெல்லாம் கடையில் எடுத்துக் காட்டுவாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு கப்பி, மோலிக்கு ஹீட்டர் எதுக்கு? வெண்டிலேட்டர் வெளிச்சமும் மேலே இருக்கிற பல்பும் போதும். மீன் இல்லாத வீட்டுக்கும் ஒன்று சொல்லிடறேன், குளிக்கத் தண்ணி சுட வைக்கிற ராடைப் பாத்ரூம் வாளியில் போட்டுட்டுக் கை விட்டுப் பார்க்கிற பழக்கத்தை இன்னையோட விட்டுடுங்க.

சித்திரையில் மறுபடியும் தொட்டி வைச்சோம். புதுத் தொட்டியில் எல்லா மீனையும் ஒரே நாளில் விடக்கூடாது. மீன் கழிவும் மிஞ்சின தீனியும் அழுகி அமோனியா ஆகும், அது மீனுக்கு விஷம். அதைத் தின்று விஷம் குறைக்கிற நல்ல கிருமிகள் தொட்டியில் உண்டாக நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். பால் உறையணும்னா என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பூன் தயிர் வாங்கி ஊத்துவோம் இல்லையா, அதே கதைதான். கடைக்காரர்கிட்ட ஓடுற தொட்டியில் இருந்து ஒரு பழைய பஞ்சு ஃபில்டரைக் கேட்டு வாங்கி வந்து போட்டேன். அந்தப் பஞ்சைக் குழாயில் கழுவினா குளோரினில் கிருமி செத்துடும், தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே பிழியணும். முதலில் நாலே மீன். மாசம் கழிச்சு இன்னும் ஆறு.

எங்க போர் தண்ணி கொஞ்சம் உப்பு, கடல் பக்கத்தில் எல்லாருக்கும் இதே பாடுதான். காபி திரிஞ்சு போகும், பருப்பு வேகாது. ஆனா மோலிக்கு அந்தக் கடின தண்ணி ஒத்துக்கிச்சு. உப்பைத் தாங்கற மீன் அது. நம்ம தண்ணியைத் திட்டாம குடிக்கிற ஒரே ஜீவன் மோலிதான்னு என் வீட்டுக்காரர் சொல்வார்.

எல்லாம் நல்லாப் போகுதுன்னு நினைச்சப்போ ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மூணு மீன் செத்தது, மிச்சம் மேலே வந்து வாயைப் பிளந்துட்டு இருந்தது. கரண்ட் இல்லை, குளோரின் இல்லை. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அன்னைக்கு நானும் மாமியாரும் எண்ணெய் தேய்ச்சுச் சீயக்காய் போட்டுக் குளிச்சோம். சீயக்காய் கிண்ணத்தைத் தொட்டி ஓரத்தில் வைச்சிருந்தோம், கரைசல் உள்ளே சிந்தியிருக்கு. நுரை வர்றது எதுவுமே மீனுக்கு ஆகாது. மீன் பண்ணைக்காரங்க குளத்தில் வேண்டாத மீனை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடுவாங்க. அதில் இருக்கிற சப்போனின்தான் கொல்றது. சீயக்காயில் நுரை கட்டுறதும் அந்த சப்போனின்தான். அரப்பும் அப்படித்தான். நாமெல்லாம் சீயக்காய் இயற்கைப் பொருள், ஒன்னும் பண்ணாதுன்னு நினைப்போம். தலைக்கு ஒன்னும் பண்ணாது, மீனுக்குப் பண்ணும். அன்னைக்குப் பாதித் தண்ணியை மாத்தித்தான் மிச்சத்தைக் காப்பாத்தினேன்.

அதுக்கப்புறம் மேலே கண்ணாடி மூடி போட்டேன், காத்துப் போக ஓரத்தில் இடம் விட்டு. மீனுக்குன்னு தனி வாளி, தனி மக், சிவப்பு நிறத்தில், அதில் சோப்பு படவே கூடாது. சோப்புக் கையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தாலும் விடக்கூடாது, அது மீனுக்காக இல்லை, நமக்காக. தொட்டித் தண்ணியில் இருக்கிற கிருமி காயத்தில் இறங்கித் தோலில் ஆறாத புண் வரும். பினாயில், பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூணையும் அந்த ரூமில் இருந்தே எடுத்துட்டேன். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டா குளோரின் வாயு வரும், கதவு மூடின பாத்ரூமில் மீன் என்ன, ஆளே மூச்சுத் திணறிடுவோம். கொசு, கரப்பான் ஸ்பிரேயும் அங்கே அடிக்கக்கூடாது. சின்னப் பிள்ளைங்க வந்து போற வீடுன்னா கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடணும், முக்காலியை உள்ளே விட்டுட்டு வரக்கூடாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்தில் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மரக்காணம், மயிலம் பக்கமெல்லாம் எவ்வளவு மழை! எங்க தெருவில் மூணு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் நின்னுடுச்சு. அப்போ பதினாலு மீன். நானும் பையனும் மணிக்கொரு தரம் சிவப்பு மக்கில் தண்ணியை மொண்டு உயரத்தில் இருந்து ஊத்துவோம், அப்படி ஊத்தினா காத்து கலக்கும். ராத்திரி டார்ச் அடிச்சு ஊத்தினோம். தீனி போடவே இல்லை. பெரிய மீன் சில நாள் சாப்பிடாம இருக்கும், போட்டாத்தான் அழுகி விஷமாகும். பன்னிரண்டு பிழைச்சது. பாத்ரூமுக்குள் கால் வைக்க மாட்டேன்னவன், இருட்டில் டார்ச் பிடிச்சுட்டு எனக்கு முன்னாடி உள்ளே போனதை நான் அந்த மழையிலும் கவனிச்சேன். அவன்கிட்ட ஒன்னும் சொல்லலை.

கப்பி, மோலி எல்லாம் முட்டை போடாது, குட்டி போடும். ஏறக்குறைய மாசம் ஒரு தடவை இருபது, முப்பது. தாயே தின்னுடும், அதனால பாசி நிறையப் போட்டு வைக்கணும். வெக்கப்பட்ட மாமியார்தான் இப்போ குட்டி எண்ணுறது. ஊர்ப் பிள்ளைங்க ஜோடி இருபது ரூபாய்க்கு வாங்கிட்டுப் போறாங்க. மூவாயிரமும் வட்டியும் அடைச்சாச்சு, அந்த அக்கா கேட்டாங்களே, மீன்தான் பாதி கட்டிச்சு. மாட்டுத் தொட்டி, சிமெண்ட் தொட்டி வச்சிருக்கிறவங்களுக்குக் காசு வாங்காமலே நாலு கப்பி கொடுக்கிறேன். கொசுப்புழுவைத் தின்னுடும். சுகாதாரத் துறையும் கிணறுகளில் கம்பூசியா, கப்பி விடறது இதுக்குத்தான். டெங்கு வந்த வீட்டுக்காரிக்குத் தெரியும் அதோட அருமை. ஆனா மிஞ்சின மீனை ஏரியிலும் கழுவெளியிலும் கொண்டுபோய் விடாதீங்க. முக்கியமா கண்ணாடி சுத்தம் பண்ணும்னு கடையில் கொடுக்கிற சக்கர் மீன். அது முழ நீளம் வளர்ந்து ஏரியையே பிடிச்சுக்கும், நம்ம நாட்டுக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இடம் இருக்காது.

தொழிலாவே செய்ய நினைக்கிறவங்களுக்கு வழி இருக்கு. சென்னை கொளத்தூர் முழுக்க வண்ண மீன் வியாபாரம்தான். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கிற யூனிட்டுக்கு மூணு லட்சம் மதிப்பு வச்சு, பெண்களுக்கு அறுபது சதவீதம் மானியம் என்று போட்டிருந்தாங்க. இப்போ எந்த நிலையில் இருக்குன்னு மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுட்டு இறங்குங்க. நான் இன்னும் அந்த அளவுக்குப் போகலை, எனக்கு இந்த ஒரு தொட்டியே வேலை வைக்குது. வாரம் ஒரு தடவை பன்னிரண்டு லிட்டர் மாத்துறேன், பழைய தண்ணி கருவேப்பிலைக்குப் போகுது, செடி சும்மா தழைச்சு நிக்குது.

எங்க குழுவில் பதிமூணு வீட்டில் ஆறு வீட்டுக்கு இப்போ ஆர்.சி.சி.பி. மாட்டியாச்சு, உள்கடனில்தான். வர்ற ஞாயிற்றுக்கிழமை அந்த எலக்ட்ரீஷியன் தம்பி இன்னும் ரெண்டு வீட்டுக்கு எர்த் குழி எடுக்க வர்றார். உங்க ஊரிலும் வந்து பார்க்கணும்னா சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி செயலாளர் அக்காகிட்ட பேர் கொடுத்துட்டுப் போங்க. மீன் குட்டி வேணும்னாலும் சொல்லுங்க, வெளியே என் பையன் சிவப்பு வாளியோட நிக்கிறான்.